ரிடிஏ2030 கிற்றார் அம்ப்: ரெண்டாவது ஐசியும் எரிஞ்சிட்டுது, ஏன்?

விசுவமடு_ஆறுகம்பி:

வணக்கம் அண்ணைமார். கிற்றாருக்கெண்டு ஒரு அம்ப் கட்டிக்கொண்டிருக்கிறன். உள்ளுக்கு இருக்கிற சாமான்: பிளஸ், மைனஸ் ரெண்டு சப்ளையிலயும் ஓடுற ரிடிஏ2030 (சத்தத்தைப் பெருக்கிற ஐசி) போர்ட் ஒண்டு, 15-0-15 வோல்ற் 3 அம்பியர் ரான்ஸ்போமர், நாலு 1என்5402 டயோட், பக்கத்துக்கு ஒண்டா 2200 மைக்ரோ 25 வோல்ற் கப்பாசிற்றர். ஸ்பீக்கர் பழைய செற்றில கழட்டின 8 இஞ்சி 4 ஓம், கூட ஒரு ட்வீற்றர். பெட்டி தகரம். கரண்ட் வயர் ரெண்டு கால் பிளக். கிற்றார் ஜாக்கில இருந்து 50 கே வொலியூம், அதில இருந்து நேரா போர்ட்டுக்கு.

பிரச்சினை மூண்டு. முதல் ஐசி 20 நிமிசம் வேலை செய்துபோட்டு நிண்டுட்டுது. ரெண்டாவது திறந்து வைச்சு வாசிக்கேக்க நல்லா இருந்தது, மூடியைப் போட்டு இறுக்கினதும் டப் எண்டு போச்சு. அடுத்தது, வொலியூமை முழுசாக் குறைச்சாலும் ம்ம்ம் எண்டு இரைச்சல் நிக்குது. மூண்டாவது, போன் குத்தினால் பாட்டு தெளிவாக் கேக்குது, கிற்றார் குத்தினால் மட்டும் ட்ரெபிளே இல்லாமல் மொத்தையா வருகுது.

ஐசி டுப்ளிகேற்றா? மூண்டாவது வாங்கலாமா?


பரந்தன்_அயன்:

மூண்டாவதை இப்ப வாங்காதேங்கோ தம்பி. டுப்ளிகேற் சந்தையில நிறைய இருக்குது, அது உண்மை. ஆனா நீங்கள் சொன்ன கணக்கில ஒறிஜினல் எண்டாலும் எரியத்தான் போகுது.

ரிடிஏ2030 தாங்கிற உச்சம் பக்கத்துக்கு 18 வோல்ற். 15 வோல்ற் ஏசியை டயோட்டும் கப்பாசிற்றரும் போட்டு டிசி ஆக்கினால் 15 தர 1.414, அதில ஒரு டயோட்டுக்கு 0.7 கழிச்சால் 20.5. இது லோட்டோட. சத்தம் இல்லாமல் சும்மா நிக்கேக்க சின்ன ரான்ஸ்போமர் எழுதியிருக்கிறதை விட ஒரு 10 வீதம் கூடத் தரும். லைன் 230 இல்லாமல் 250 ஆ ஏறின நேரமெண்டால் இன்னும் மேல. எல்லாத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கோ, 25 கிட்ட வரும். அந்த ஐசிக்குள்ள சூட்டுக்கும் ஷோர்ட்டுக்கும் பாதுகாப்பு வைச்சிருக்கிறாங்கள், வோல்ற் கூடினதுக்கு ஒண்டும் இல்லை. 20 நிமிசம் நிண்டதே பெரிய காரியம்.

ரெண்டாவது ஐசி போனது வேற கதை. இந்த ஐசியின்ர முதுகுத் தகடு மூண்டாம் காலோட சேர்ந்தது, மூண்டாம் கால் மைனஸ் சப்ளை. ஹீற்சிங்கில (ஐசியின்ர சூட்டை இறக்கிற உலோகத் துண்டு) மைக்கா, அதாவது கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு, போடாமல் இறுக்கியிருந்தால் ஹீற்சிங்க் முழுக்க மைனஸ் 20 வோல்ற்றில நிக்குது. உங்கட ஜாக்கின்ர இரும்புக் கழுத்தால தகரப் பெட்டி கிரவுண்டில நிக்குது. மூடி ஹீற்சிங்கில முட்டின உடன மைனஸ் பக்கம் ஷோர்ட். வெளியீடு பிளஸ் பக்கம் இழுபட்டு முழு டிசியும் ஸ்பீக்கருக்குள்ள போயிருக்கும். அதால ஸ்பீக்கரையும் பாருங்கோ. 4 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில 3 தொடக்கம் 3.5 காட்ட வேணும். கோனை ரெண்டு விரலால நேரா அமத்தினால் உரசல் சத்தம் வரக்கூடாது.

பிளக்கைக் கழட்டி வைச்சு, கப்பாசிற்றர் ரெண்டையும் 100 ஓம் 5 வாற் ரெசிஸ்ரரால இறக்கிப்போட்டு, ஹீற்சிங்குக்கும் பெட்டிக்கும் இடையில மீற்றரில பீப் வருகுதா (வந்தால் ரெண்டும் தொடுகுது) பாருங்கோ. பிறகு ஐசியைக் கழட்டி வைச்சு ரெண்டு பக்க வோல்ற்றையும் அளந்து இங்க போடுங்கோ.


மாங்குளம்_குறுக்குவீதி:

இரைச்சலைப் பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் உடனே கப்பாசிற்றரை 10,000 ஆக்கு என்பார்கள். உங்கள் விசயத்தில் அது காசைக் கரைக்கிற வேலை. சும்மா நிற்கும்போது ஐசி இழுப்பது 40, 60 மில்லி அம்பியர்தான். அதற்கு 2200 மைக்ரோவில் வருகிற அலைவு கால் வோல்ற்றுக்குள். ஐசியே அதை அமத்திவிடும். பலமாக வாசிக்கும்போது 1 அம்பியர் இழுத்தால் அந்த அலைவு 4.5 வோல்ற் ஆகும், அங்கேதான் 4700 மைக்ரோ உதவும். வொலியூம் பூச்சியத்தில் இரைகிறதென்றால் கிரவுண்ட் வயர் போகிற பாதைதான் பிழை.

முதலில் இரைச்சலின் சுருதியைப் பாருங்கள். கிற்றாரே கையில் இருக்கிறது, வேறு கருவி எதற்கு? ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டை (98 ஹேர்ட்ஸ்) மீட்டுங்கள். இரைச்சல் அதை விட ஒரு மயிரிழை கூட என்றால் அது 100 ஹேர்ட்ஸ்: டயோட்டுக்குப் பிறகு வருகிற அலைவு, கிரவுண்ட் வழியாக உள்ளே நுழைகிறது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹேர்ட்ஸ்: ஒரு டயோட் போயிருக்கலாம், அல்லது ரான்ஸ்போமரின் காந்தப்புலம் உள்ளீட்டு வயரில் ஏறுகிறது. ரான்ஸ்போமரைக் கழற்றிக் கையால் (கரண்ட் பக்கத்தை நன்றாக மூடிவிட்டு) 90 பாகை திருப்பிப் பார்த்தால் இரண்டாவது தெரிந்துவிடும்.

100 ஹேர்ட்ஸ் என்றே நினைக்கிறேன். நீங்கள் ரான்ஸ்போமரின் நடு வயரிலிருந்து ஸ்பீக்கருக்கும் ஜாக்குக்கும் போர்ட்டுக்கும் கிரவுண்ட் எடுத்திருப்பீர்கள். அந்த வயரில் கப்பாசிற்றர் நிரம்பும் ஒவ்வொரு தடவையும் பல அம்பியர் துடிப்பு ஓடுகிறது. வயரின் சின்னத் தடையிலும் சில மில்லி வோல்ற் தோன்றும், அதை ஐசி 30 மடங்கு பெருக்கித் தருகிறது. நடு வயரை இரண்டு கப்பாசிற்றரும் சேரும் இடத்துக்குத் தடித்த வயரால் கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கிருந்து ஒரு அங்குலம் தள்ளி ஒரு திருகாணி. ஸ்பீக்கரின் கிரவுண்ட், போர்ட்டின் கிரவுண்ட், ஜாக்கின் கிரவுண்ட் மூன்றும் தனித்தனி வயராக அந்த ஒரே திருகாணிக்கு வரவேண்டும். ஜாக்கைப் பெட்டியில் தொடாதபடி பிளாஸ்டிக் வளையத்தோடு மாட்டி, பெட்டியை அந்தத் திருகாணியில் ஒரே ஒரு இடத்தில் சேருங்கள். ஜாக்கிலிருந்து வொலியூமுக்குப் போவது சீல்ட் வயர். அதன் வலையை ஒரு முனையில் மட்டும் ஈயம் வைத்தால் போதும்.

அந்த ரெண்டு கால் பிளக்கை இன்றைக்கே வெட்டி எறியுங்கள். கிற்றாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஜாக்கின் கிரவுண்டோடு சேர்ந்தவை, அது பெட்டியோடு சேர்ந்தது. ரான்ஸ்போமரின் உள் சுற்று ஒருநாள் கசிந்தால் வாசிப்பவரின் விரலில் 230 நிற்கும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று கால் பிளக், பச்சை மஞ்சள் வயர் பெட்டியில் தனித் திருகாணியில் (ரான்ஸ்போமர் திருகாணியில் அல்ல), லைவ் வயரில் 500 மில்லி அம்பியர் மெதுவாக எரியும் பியூஸ், அதற்குப் பிறகு சுவிட்ச். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே வெட்டுவது) வேலை செய்கிறதா என்று அதன் ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பாருங்கள். கோடையில் நம் பக்க மண் காய்ந்து எர்த் குழாயின் தடை ஏறிவிடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் எர்த்தை மட்டும் நம்ப முடியாது.


முத்தையன்கட்டு_வலக்கரை:

மொத்தைச் சத்தத்துக்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீங்கள்: போனுக்குத் தெளிவு, கிற்றாருக்கு இல்லை. போன் எந்த லோட்டையும் தள்ளும். கிற்றார் பிக்அப் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய வயர். ஹம்பக்கர் (ரெண்டு சுருள் பிக்அப்) எண்டால் 4 ஹென்றி அளவில இண்டக்ரன்ஸ், அதாவது ட்ரெபிளை மறிக்கிற குணம். உங்கட போர்ட்டின்ர வாசலில 22 கே ரெசிஸ்ரர் கிரவுண்டுக்கு நிக்குது, பாருங்கோ. அந்த லோட்டில 1000 ஹேர்ட்ஸ் தாண்டினதும் சத்தம் விழத் தொடங்கும். கிற்றாருக்கு வேண்டியது 1 மெக் (பத்து லட்சம் ஓம்).

ஒரு ரிஎல்072 (சின்ன சிக்னலைப் பெருக்கிற ஐசி, உள்ளுக்கு ஒரே மாதிரி ரெண்டு பாதி) போதும். ஜாக் நுனியில இருந்து 22 நனோ, பிறகு 10 கே, பிறகு மூண்டாம் கால். மூண்டாம் காலில இருந்து கிரவுண்டுக்கு 1 மெக், அதோட சேர்த்து 100 பிக்கோ. (இந்த 10 கேயும் 100 பிக்கோவும் இருந்தால் ரேடியோ ஸ்ரேசன் உங்கட கிற்றாருக்குள்ளால பாடாது.) முதலாம் காலுக்கும் ரெண்டாம் காலுக்கும் இடையில 47 கே. ரெண்டாம் காலில இருந்து 4.7 கே, அதுக்குப் பிறகு 1 மைக்ரோ, பிறகு கிரவுண்ட். பெருக்கம் 11. முதலாம் காலில இருந்து 1 மைக்ரோ பிலிம் கப்பாசிற்றர், அங்க இருந்து வொலியூம். வொலியூமை இப்ப 10 கே ஆ மாத்துங்கோ. வாங்கேக்க முதுகில ஏ10கே எண்டு இருக்க வேணும். பி எண்டு இருந்தால் அது நேர்கோட்டு வகை, கால்வாசி திருப்ப முதலே சத்தம் முழுக்க வந்திடும்.

பாவிக்காத பாதியை அந்தரத்தில விடாதேங்கோ: ஆறையும் ஏழையும் சேர்த்து, ஐந்தைக் கிரவுண்டுக்குக் குடுங்கோ.

ரிஎல்072 உம் 18 க்கு மேல தாங்காது. பக்கத்துக்கு ஒரு 470 ஓம் அரை வாற், பிறகு 15 வோல்ற் 1 வாற் செனர் (1என்4744, வோல்ற்றை 15 இல நிறுத்துற டயோட்), அதோட 100 மைக்ரோ 25 வோல்ற். எட்டாம் கால் பிளஸ், நாலாம் கால் மைனஸ். சிலர் 7815 உம் 7915 உம் போடச் சொல்லுவினம். போடலாம், ஆனா ரெண்டுக்கும் கால் ஒழுங்கு வேற. 7815 இல முதல் கால் உள்ளீடு, 7915 இல முதல் கால் கிரவுண்ட். இதைப் பார்க்காமல் போட்டுப் புகைச்ச ஆக்கள் கனபேர். செனரில அந்தக் கரைச்சல் இல்லை.

ட்வீற்றரைக் கழட்டிப் போடுங்கோ. கிற்றார் ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸோட இறங்கிடும், காதுக்குப் பழகின கிற்றார்ச் சத்தம் அதுதான். ட்வீற்றர் இருந்தால் கொஞ்சம் டிஸ்ரோசன் வந்தாலும் தகரத்தில ஆணி கீறின மாதிரி இருக்கும். அப்பவும் கூர்மையா இருந்தால் 47 கேக்கு மேல 470 பிக்கோ ஒண்டு வையுங்கோ, 7000 க்கு மேல மெதுவா இறங்கும்.


விசுவமடு_ஆறுகம்பி:

நன்றி அண்ணைமார். அளந்தன்: பிளஸ் 23.4, மைனஸ் 23.1. ஹீற்சிங்க் போர்ட்டோட நிமிர்ந்து நிக்குது, மூடியின்ர உள்பக்கத்தில அது பட்ட கறுப்பு அடையாளம் இருக்குது. மூண்டாம் கட்டையோட இரைச்சல் ஒத்துப் போகுது. ஸ்பீக்கர் 3.3 ஓம், உரசல் இல்லை.

12-0-12 ரான்ஸ்போமர் வாங்கி இதே ஐசியைப் போடுறதோ, இல்லை ஐசியை மாத்துறதோ? மற்றது, கோயில் திருவிழாவில ஜெனரேற்றரிலயும் இன்வேற்றரிலயும் ஓட வேண்டி வரும்.


பரந்தன்_அயன்:

ரான்ஸ்போமரைத் தொடாதேங்கோ. 12-0-12 போட்டாலும் லைன் கூடின இரவில சும்மா நிக்கேக்க 19 தாண்டும். 2030ஏ எண்டால் 22 வரை தாங்கும்தான், ஆனா முதுகில ஏ எழுதினது எல்லாம் ஏ இல்லை. ரிடிஏ2050 பக்கத்துக்கு 25. உங்கட 23.4 க்கு அது ஓடும், ஆனா லைன் ஏறுற நாளில விளிம்பில நிக்கும். எல்எம்1875 ரெண்டு பக்கமும் சேர்த்து 60 வோல்ற், பக்கத்துக்கு 30. அதைத்தான் போடுங்கோ. கால் ஒழுங்கு மூண்டுக்கும் ஒண்டு: 1 பிளஸ் உள்ளீடு, 2 மைனஸ் உள்ளீடு, 3 மைனஸ் சப்ளை, 4 வெளியீடு, 5 பிளஸ் சப்ளை. இதே போர்ட்டில அப்படியே இருக்கும். பீட்பாக் (பெருக்கத்தைத் தீர்மானிக்கிற ரெசிஸ்ரர்கள்) 22 கே, 680 ஓம் எண்டு இருந்தால் அதையும் மாத்தத் தேவையில்லை. வெளியீட்டில 1 ஓமும் 220 நனோவும் தொடரில கிரவுண்டுக்குப் போகுதா பாருங்கோ. மலிவுப் போர்ட்டுகளில இதைச் சேமிச்சிருப்பாங்கள். அது இல்லாட்டி காதுக்குக் கேக்காத அலையில ஐசி ஆடிக்கொண்டு, வாசிக்காமலே கொதிக்கும். ஐந்தாம், மூண்டாம் கால்களுக்குப் பக்கத்திலயே, வயர் நீளம் ஒரு இஞ்சிக்கு மேல போகாமல், 100 நனோவும் 100 மைக்ரோவும்.

கப்பாசிற்றர் 25 வோல்ற்றில 23.4 நிக்குது. எங்கட வெக்கைக்கு அது ஒரு வருசம் தாங்கினாலும் புண்ணியம். 4700 மைக்ரோ 50 வோல்ற், 105 பாகை எண்டு எழுதினது ரெண்டு. நல்ல எல்எம்1875 வவுனியாவிலயோ யாழ்ப்பாணத்திலயோ கிடைக்காட்டி, கொழும்பு போற ஆரிட்டயும் சொல்லி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எடுப்பியுங்கோ. ரெண்டா வாங்கினால் நல்லது.

ஸ்பீக்கரை 8 ஓமுக்கு மாத்தினால் வேலை லேசு. 8 ஓமில ஐசி கரைக்கிற உச்ச வெப்பம் 10 வாற், 4 ஓமில 20. வெளியில 35 பாகை, பெட்டிக்குள்ள அதை விடக் கூட. பழைய கொம்பியூட்டர் புரோசெசரின்ர ஹீற்சிங்க் 10 வாற்றுக்குக் காணும். சத்தம் 18 வாற் கிட்ட வரும். 10 அல்லது 12 இஞ்சி ஸ்பீக்கரில அது ஒரு மண்டபத்துக்குத் தாராளம். கார் சப்வூபரைப் போட்டு ஏமாறாதேங்கோ, அது வாற்றைத் தின்னும், சத்தம் தராது.

மைக்கா ரெண்டு பக்கமும் மெல்லிசா வெள்ளைப் பசை, திருகாணிக்குப் பிளாஸ்டிக் வளையம். இறுக்கினதும் பீப் பாருங்கோ, வரவே கூடாது.

முதல்தரம் கரண்ட் குடுக்கேக்க 60 வாற் இழை பல்ப் ஒண்டை லைவ் வயரில தொடரில போடுங்கோ. எல்ஈடி சரிவராது. பல்ப் ஒருக்கா மின்னி அணைஞ்சால் சரி. எரிஞ்சபடி நிண்டால் எங்கயோ ஷோர்ட், உடன நிப்பாட்டுங்கோ. அந்த நேரம் ஸ்பீக்கர் குத்தக்கூடாது, ஜாக்கை ஷோர்ட் பண்ணி வையுங்கோ. சப்ளைக்கும் போர்ட்டுக்கும் இடையில பக்கத்துக்கு ஒரு 10 ஓம் போட்டு அதுக்குக் குறுக்கால அளவுங்கோ. எல்எம்1875 சும்மா நிக்கேக்க 70 மில்லி அம்பியர் அளவில இழுக்கும், அதால 0.7 வோல்ற் கிட்டக் காட்ட வேணும். 1 வோல்ற் தாண்டினால் ஆடுது, இல்லாட்டி டுப்ளிகேற். வெளியீட்டில டிசி 50 மில்லி வோல்ற்றுக்குள்ள எண்டால் 10 ஓமை எடுத்துப்போட்டு ஸ்பீக்கரைக் குடுக்கலாம்.


நெடுங்கேணி_12வோல்ற்:

இன்வேற்றர் பற்றிக் கேட்டதுக்கு: மலிவு இன்வேற்றர் தாறது சைன் அலை இல்லை, படிப்படியான சதுர அலை. எந்த அம்பிலயும் அது ஸ்ஸ்ர்ர் எண்டு ஏறும், கிரவுண்ட் எவ்வளவு வடிவாக் கட்டினாலும் முழுக்கப் போகாது. பற்றரியில இருந்து 230 ஆக்கி, அதைத் திருப்பி 20 ஆக்கி ஏன் சுத்த வேணும்? சண்டைக் காலத்தில சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட ஊரில 12 வோல்ற் வேலை புதுசில்லை.

திருவிழாவுக்கு ஒரு ரிடிஏ2003 தனியாக் கட்டி வையுங்கோ. ஒற்றைச் சப்ளை, 8 தொடக்கம் 18 வோல்ற். முதுகுத் தகடு கிரவுண்ட், அதால மைக்கா வேண்டாம். பீட்பாக் 220 ஓமும் 2.2 ஓமும் 470 மைக்ரோவும், வெளியீட்டில 1000 மைக்ரோ 25 வோல்ற், பிறகு 1 ஓமும் 100 நனோவும். உங்கட 4 ஓம் ஸ்பீக்கர் இதுக்குத்தான் சரி. 12 வோல்ற்றில 3 வாற் கிட்ட வரும். ஒலிபெருக்கி ஆக்கள் மைக் ஒண்டை ஸ்பீக்கருக்கு முன்னால வைச்சால் போதும். முன்னால அதே ரிஎல்072 தான், ஆனா 1 மெக்கையும் பாவிக்காத பாதியின்ர ஐந்தாம் காலையும் கிரவுண்டுக்குக் குடாமல், ரெண்டு 10 கேயால பிரிச்ச 6 வோல்ற்றுக்குக் குடுங்கோ, அந்த 6 வோல்ற்றில 47 மைக்ரோ ஒண்டு. நாலாம் கால் கிரவுண்ட். ரிடிஏ2003 நூறு மடங்கு பெருக்கிறதால முன் பெருக்கம் 11 வேண்டாம், 47 கேயை 4.7 ஆ குறைச்சு 2 இல வையுங்கோ.

பற்றரி 12 வோல்ற் 7 அம்பியர் மணி. பிளஸ் வயரில, பற்றரிக் கால்மாட்டிலயே 3 அம்பியர் பியூஸ். பிளஸ் மைனஸ் மாறினால் ஐசி போயிடும், அதால பியூசுக்குப் பிறகு 1என்5402 ஒண்டைத் தலைகீழாக் குறுக்கால போடுங்கோ, மாறிக் குத்தினால் பியூஸ் மட்டும் போகும். சார்ஜரைக் கழட்டிப்போட்டு வாசியுங்கோ.

ஜெனரேற்றருக்கு ஒண்டு சொல்ல வேணும். பெரிய லைற்றுகளை ஒரே நேரம் அணைச்சால் வோல்ற் துள்ளும். பெரிய அம்பை அதில குத்துறதெண்டால் லைற் செற் இல்லாத மற்ற லைனில குத்துங்கோ.

பெட்டியின்ர காத்து ஓட்டைக்கு அலுமினிய நுளம்பு வலை அடியுங்கோ, ஆனா ஓட்டையை ரெண்டு மடங்கு பெருசா வெட்டிப்போட்டு, இல்லாட்டி வலை காத்தை மறிக்கும். வெக்கைக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பல்லி வரும், பல்லி 230 பக்கத்தில குறுக்கால படுக்கும். சோளகக் காத்தில புழுதி வொலியூமுக்குள்ள போய்க் கரகரக்கும்; கொன்ராக்ற் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது தரம் திருப்பினால் சரி. அதுக்குப் பிறகும் கரகரத்தால் புழுதி இல்லை, வொலியூமில டிசி நிக்குது. அந்த 1 மைக்ரோ பிலிம் கப்பாசிற்றரை மாத்திப் பாருங்கோ.


விசுவமடு_ஆறுகம்பி:

எல்எம்1875 ரெண்டு, 4700 ரெண்டு, செனர், மைக்கா எல்லாம் எழுதிக் குடுத்திட்டன். 8 ஓம் ஸ்பீக்கர் வர நாளெடுக்கும். அதுவரைக்கும் 4 ஓமில வாசிக்கலாமோ?


பரந்தன்_அயன்:

வாசிக்கலாம், வொலியூம் அரைவாசிக்கு மேல போகாமல். ஹீற்சிங்கில விரல் வைச்சு ஐஞ்சு செக்கன் பிடிக்க ஏலாட்டி நிப்பாட்டி ஆற விடுங்கோ. விரல் வைக்க முதல் மைக்காவின்ர பீப்பை இன்னொருக்கா பாருங்கோ.